பக்கத்து இருக்கை காலி

ராபின்சன் ஆர்-22 என்ற ஹெலிகாப்டர், ஆள், எரிபொருள், தன் சொந்த உடம்பு எல்லாம் சேர்த்து 622 கிலோவுக்கு மேல் தாங்காது. இருப்பது இரண்டே இருக்கை. வலப்பக்கம் மாணவர், இடப்பக்கம் பயிற்றுநர். ஒருநாள் பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்குகிறார்; காலி இருக்கையின் பட்டையை ஞாபகமாக மாட்டிவிட்டு, தலைக்கு மேல் சுற்றும் இறக்கைகளுக்குக் கீழே குனிந்தபடி விலகிப் போகிறார். அவர் எண்பது கிலோ ஆசாமி என்றால், மொத்த எடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கணத்தில் போய்விட்டது. இருக்கைகள் சுழலித் தண்டுக்கு முன்னால் இருப்பதால் எடைமையம் பின்னால் நகர்ந்திருக்கும். ஆள் வலப்பக்கம் மட்டும் இருப்பதால் வலதுபுறமும் நகர்ந்திருக்கும். தரையை விட்டு எழும்போது மூக்கு வழக்கத்தைவிட உயர்ந்து நிற்கும். கை பழகிய அளவுக்கு நெம்புகோலைத் தூக்கினால், வண்டி பழகாத வேகத்தில் மேலே போகும். மாணவர் இத்தனை வாரம் ஓட்டியது ஒரு ஹெலிகாப்டர். இன்று முதன்முதலாகத் தனியாக ஓட்டப்போவது வேறொன்று.

உதாரணத்துக்குச் சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொள்வோம். அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கு அங்கே ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் விதிகள்தான். தனியாகப் பறக்கக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். தனியார் ஹெலிகாப்டர் உரிமத்துக்கு 45 மணி நேரம் பயிற்சி. அதில் குறைந்தது 25 மணி நேரம் பயிற்றுநரோடு, 10 மணி நேரம் தனியாக. அந்தப் பத்திலும் ஐந்து மணி நேரம் ஊர்விட்டு ஊர் போக வேண்டும். ஒரு பயணமாவது 185 கிலோமீட்டருக்குக் குறையாமல், வழியில் வேறு இரண்டு தளங்களில் இறங்கி எழுந்து வர வேண்டும். கிழக்கு மேற்காகச் சுமார் 350 கிலோமீட்டரே இருக்கும் நாட்டில் இது சின்னத் தூரம் இல்லை. ஏரி, ஜூரா மலைத்தொடர், மூடுபனி மூடிய நடுச் சமவெளி, தெற்கே ஆல்ப்ஸ் எல்லாம் ஒரு மதியத்துக்குள் வந்துபோகும்.

இப்படித் தனியே போன மாணவர் திரும்பவில்லை என்று உலகில் எங்காவது செய்தி வந்தால், ‘அனுபவம் போதவில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அந்த வரி போதவில்லை. ஹெலிகாப்டரில் அனுபவம் என்பதில் பெரும்பகுதி, பிறந்தது முதல் நம் உடம்பில் ஊறியிருக்கும் சில அசைவுகளை அழிப்பதுதான். விழுகிறோம் என்றால் மேலே இழுப்போம். வலப்பக்கம் சாய்கிறோம் என்றால் இடப்பக்கம் தள்ளுவோம். தரையில் நம்மைக் காப்பாற்றும் இந்த இரண்டு அசைவும் ஹெலிகாப்டரில் ஆளைக் கொல்லும். பயிற்றுநர் அங்கே உட்கார்ந்திருப்பது பாடம் சொல்ல மட்டும் இல்லை. தப்பான பக்கம் புறப்படும் மாணவரின் கையை, அது போய்ச் சேருவதற்குள் தடுக்க இன்னொரு கை அவருடையது. தனிப் பறத்தலில் அந்தக் கை கிடையாது.

கருவிகளை முதலில் பார்த்துவிடலாம். இடது கையில் ‘கலெக்டிவ்’. அதைத் தூக்கினால் எல்லா இறக்கைகளின் கோணமும் ஒரே சமயத்தில் கூடி வண்டி எழும். வலது கையில் ‘சைக்ளிக்’. அது சுழலித் தட்டையே சாய்க்கிறது, சாய்ந்த பக்கம் வண்டி போகும். கால்களில் வால் சுழலியை ஆட்டும் பெடல்கள். சுழலி ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்துவதுதான் வாலின் வேலை. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் தொட்டே ஆக வேண்டும். அந்தரத்தில் அசையாமல் நிறுத்தக் கற்பதற்கே மணிக்கணக்கில் ஆகும். ஆனால் அதில் தோற்பவர்கள் பெரும்பாலும் புல்வெளியில் முட்டிக்கொள்வதோடு தப்பிவிடுவார்கள்.

உயிரெடுப்பது உயரத்தில் நடப்பது. அங்கே முதல் பொறி, எஞ்சின் நிற்பது. ஆர்-22இன் சுழலி நிமிடத்துக்கு 530 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு நொடியில் ஒன்பதில் ஒரு பங்கு. 7.67 மீட்டர் விட்டம் கொண்ட அந்த வட்டத்தின் விளிம்பில் இறக்கை நுனி மணிக்கு 760 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வண்டியைத் தூக்கி வைத்திருப்பது இந்தச் சுழற்சிதான், எஞ்சின் அதற்குத் தீனி போடும் வேலைக்காரன் மட்டுமே. எஞ்சின் நின்றால் இறக்கைகளின் மேல் காற்று உரசும் இழுவை சுழற்சியைத் தின்னத் தொடங்கும். ஆர்-22இன் இறக்கைகள் இலேசானவை. அவற்றில் சேமித்த ஆற்றல் குறைவு, கரைவதோ வேகம். சுழற்சி 97 சதவீதத்துக்கு இறங்கினால் எச்சரிக்கை ஒலி கத்தும். ராபின்சன் நிறுவனம் தன் ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு இது: 80 சதவீதத்தோடு ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஒரு சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே போனால் இறக்கை காற்றைப் பிடிக்காது. அப்புறம் எதைச் செய்தும் பயனில்லை. வழக்கமாக ஓடும் 104 சதவீதத்துக்கும் (மேலே சொன்ன 530 சுற்று அதுதான்) அந்த எண்பது சொச்சத்துக்கும் நடுவில் இருப்பதே மாணவரின் மொத்தக் கையிருப்பு.

எவ்வளவு நேரம்? ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டருக்கு அமெரிக்கா தரும் தகுதிச் சான்று விதி இதை எழுதியே வைத்திருக்கிறது. நேராகப் பறக்கும்போது எஞ்சின் நின்றால், ஓட்டுநர் ஒன்றும் செய்யாமல் ஒரு நொடியோ அல்லது இயல்பாக அவர் எதிர்வினை காட்டும் நேரமோ, இரண்டில் எது அதிகமோ அதுவரை, வண்டி கட்டுக்குள் இருக்க வேண்டும். விதி எழுதியவர்கள் மனிதருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது ஒரு நொடி. முப்பது மணி நேரம் பறந்த மாணவருக்கும் மூவாயிரம் மணி நேரம் பறந்தவருக்கும் அதே ஒரு நொடி.

அந்த நொடியில் உடம்பு என்ன செய்யும்? சத்தம் திடீரென மாறுகிறது, வண்டி இறங்குகிறது, இடது கை கலெக்டிவை மேலே இழுக்கிறது. இழுத்தால் இறக்கைக் கோணம் கூடும், இழுவை கூடும், சுழற்சி இன்னும் சீக்கிரம் செத்துப்போகும். சரியான செயல் இதற்கு நேர் எதிரானது. கலெக்டிவை அடிவரை இறக்க வேண்டும். விழுந்துகொண்டிருப்பவர் இன்னும் வேகமாக விழத் தானே முடிவு செய்ய வேண்டும்.

அப்படி முடிவு செய்தவருக்கு இயற்கை ஒரு பரிசு தருகிறது. கீழிருந்து மேலே வரும் காற்று இறக்கைகளைச் சுற்ற வைக்கும். நம் வறண்ட மலைக்காடுகளில் தணக்கு என்றொரு மரம் உண்டு. அதன் காய் நீளமான இரண்டு இறகுகளோடு இருக்கும். காற்றடிக்கும் நாளில் கிளையிலிருந்து உதிர்ந்ததும் சுழலத் தொடங்கி, நேராக விழுந்திருந்தால் ஆகும் நேரத்தைவிட வெகுநேரம் மிதந்து, தாய்மரத்தை விட்டுத் தள்ளிப் போய் இறங்கும். எஞ்சின் நின்ற ஹெலிகாப்டர் செய்வதும் இதுதான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இறக்கையின் எல்லாப் பகுதியும் ஒரே வேலை செய்வதில்லை. தண்டை ஒட்டிய அடிப்பகுதி கிட்டத்தட்டச் சும்மா கிடக்கும். நடுப்பகுதி மேலே வரும் காற்றைப் பிடித்து முன்னால் இழுக்கும். நுனிப்பகுதி அந்த இழுப்பைச் செலவழித்து வண்டியைத் தாங்கும். ஒரே இறக்கையில் பாதி சம்பாதிக்கிறது, பாதி செலவு செய்கிறது. இரண்டும் சமப்பட்டால் சுழற்சி நிலைத்து நிற்கும். தரை நெருங்கும்போது மூக்கை உயர்த்தி வேகத்தைக் கொல்வார்கள். கடைசியில், அதுவரை தொடக்கூடாது என்று வைத்திருந்த கலெக்டிவை ஒரே ஒருமுறை இழுத்து, சுழற்சியில் மிச்சமிருப்பதையெல்லாம் அந்த ஓர் இறக்கத்துக்குச் செலவழிப்பார்கள். இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

இந்த வித்தை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1972 ஜூன் 21 அன்று ஜான் பூலே என்ற பிரெஞ்சு ஓட்டுநர் ‘லாமா’ ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் ஏறினார். எவரெஸ்ட்டுக்கு மேல் மூன்றரைக் கிலோமீட்டர். அங்கே எஞ்சின் அணைந்துபோனது. அவர் அத்தனை உயரத்தையும் எஞ்சின் இல்லாமலே இறங்கித் தரை தொட்டார். ஆல்ப்ஸில் பல ஆண்டுகள் சுமை தூக்கியதும் ஆட்களை மீட்டதும் இந்த லாமாதான். இந்தியப் படைகள் கேட்டதற்காகத்தான் அது வடிவமைக்கப்பட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இமயமலையின் மெல்லிய காற்றில் ஏறக்கூடியது வேண்டும் என்று கேட்டோம். அதே இயந்திரத்தைப் பெங்களூருவில் எச்.ஏ.எல். ‘சீட்டா’ என்ற பெயரில் செய்தது, சியாச்சின்வரை அது போய்வந்தது.

ஆனால் பூலேக்குக் கீழே பன்னிரண்டு கிலோமீட்டர் காற்று இருந்தது. பயிற்சி மாணவருக்குக் கீழே இருப்பது சில நூறு மீட்டர்.

காற்றே எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் எங்கடீன் பள்ளத்தாக்கில் இருக்கும் சமேடான் விமான நிலையம் 1,707 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 85 சதவீதம்தான். கோடையில் 25 பாகை வெயிலடித்தால் காற்று இன்னும் விரிந்து, 2,400 மீட்டருக்கு மேல் பறப்பதுபோல் ஹெலிகாப்டர் நடந்துகொள்ளும். நம் அரக்கோணத்தில், கடற்படை தன் ஹெலிகாப்டர் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரும் ராஜாளி தளத்தில், கத்திரி வெயில் 38 பாகை காய்ந்தால் அந்தச் சமவெளியே கிட்டத்தட்ட 900 மீட்டர் மலைமேல் இருப்பதாக இறக்கைகளுக்குத் தோன்றும். உயரமானி காட்டும் எண் வேறு, இறக்கை உணரும் உயரம் வேறு. சுவிட்சர்லாந்தில் 1,100 மீட்டருக்கு மேல் பயிற்சிக்காக இறங்குவதற்கென்று சுமார் 40 மலைத் தளங்களை மட்டும் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அங்கே இறங்கத் தனிப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். புது மாணவர் அங்கே போவதில்லை. ஆனால் மலையைக் கடந்து வரும் காற்று அவர் இருக்குமிடம் தேடி வரும்.

தெற்கிலிருந்து ‘ஃபோன்’ என்ற வெப்பக்காற்று ஆல்ப்ஸைத் தாண்டி வடபக்கம் சரியும் நாட்களில் வானம் பளிச்சென்று இருக்கும், மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். பறக்க வந்தவரை அழைக்கும் வானம் அது. முகட்டுக்குப் பின்னால் காற்று உருண்டு புரள்வது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் இரண்டாவது பொறி.

ஆர்-22இன் இரண்டு இறக்கைகளும் சுழலித் தண்டின் உச்சியில் ஊஞ்சல்போல ஆடும்படி பொருத்தப்பட்டவை. ஹெலிகாப்டரின் உடல் அந்தச் சுழலியிலிருந்து தொங்குகிறது. தொங்குவதால்தான் சுழலி சாயும் பக்கம் உடலும் சாய்கிறது. ஒரு முகட்டைத் தாண்டியதும் மாணவர் சைக்ளிக்கை முன்னால் சற்று வேகமாகத் தள்ளினாலோ, காற்று கீழே உதறினாலோ, ஓரிரு கணம் எடையே இல்லாத நிலை வரும். வயிறு மேலே எழும்பும். அப்போது உடல் சுழலியிலிருந்து தொங்கவில்லை. இரண்டும் சேர்ந்து விழுந்துகொண்டிருக்கின்றன. வால் சுழலி மட்டும் தன் வேலையை விடாமல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்கும். அது எடைமையத்துக்கு மேலே இருப்பதால் உடல் வலப்பக்கம் உருளத் தொடங்கும். வலது கை உடனே சைக்ளிக்கை இடது பக்கம் தள்ளும். சுழலி கீழ்ப்படிந்து இடப்பக்கம் சாயும். உடல் கீழ்ப்படியாது, அது வலப்பக்கம் உருண்டுகொண்டே இருக்கும். இரண்டும் எதிரெதிராகப் போக, சுழலியின் குமிழ் தண்டில் மோதும். தண்டு முறியும், அல்லது இறக்கை ஓட்டுநர் அறையையே வெட்டும். சைக்ளிக்கை முதலில் மெல்லப் பின்னால் இழுத்து, உடலை மறுபடி சுழலியில் தொங்கவிட்டு, அதன் பிறகுதான் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். சொல்ல மூன்று வரி ஆகிறது. செய்யக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவு.

இதில் பக்கத்துக் கை இருந்தும் போதாமல் போனதுண்டு. 1992 ஜூன் 29 அன்று கலிபோர்னியாவில் ரிச்மண்ட் அருகே ஓர் ஆர்-22 நடுவானில் சிதறியது. உள்ளே பயிற்றுநரும் மாணவரும் இருந்தார்கள். பாடத்தைப் பிறகு கேட்டுப் பார்ப்பதற்காக மாணவர் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டிருந்தார். அந்த நாடாவில் பயிற்றுநர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சின் நடுவிலேயே விபத்து நடந்துவிடுகிறது. நாடாவில் பதிந்த ஒலியை ஆராய்ந்ததில், அதற்கு முந்தைய கணம்வரை சுழலி சரியான வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. இப்படிப்பட்ட விபத்துகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1996இல் அறிக்கை தந்தது. மிக நுண்ணிதாகக் கீழ்ப்படியும் ஒரு சிறிய வண்டிக்கு, ஓட்டுநர் தந்த பெரிய, திடீர் அசைவே பல விபத்துகளுக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்றது அது. அதற்கு முந்தைய ஆண்டே, ஆர்-22இல் தனியாகப் பறக்குமுன் பயிற்றுநரோடு 20 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும் என்று அமெரிக்கா தனி விதி போட்டது. இத்தனைக்கும் ஃபிராங்க் ராபின்சன் இந்த வண்டியைப் பள்ளிகளுக்காகச் செய்யவில்லை. தனிநபர் சொந்தமாக வாங்கி ஓட்டும் சிக்கனமான வண்டியாகவே நினைத்தார். மலிவாக இருந்ததால் பள்ளிகள் வாங்கிக் குவித்தன. சொந்தக்காரருக்காகச் செய்த கருவி, கற்றுக்குட்டியின் கைக்குப் போனது.

மூன்றாவது பொறி இறங்கும்போது வரும். முன்வேகம் இல்லாமல் நேர்கீழாக விரைந்து இறங்கினால், ஹெலிகாப்டர் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே தான் இறங்கும். அந்தக் காற்று இறக்கை நுனியைச் சுற்றி மேலே வந்து மறுபடி உள்ளே போகும். சுழலியைச் சுற்றி ஒரு வளையம் உண்டாகி, தூக்கும் சக்தி அந்த வளையத்துக்குள் வீணாகும். மாணவர் கலெக்டிவை இழுப்பார். வளையம் வலுக்கும், இறக்கம் கூடும். மலைப்பகுதியில் காற்றின் திசையைத் தப்பாகக் கணித்து, முதுகில் காற்றோடு இறங்க வருபவருக்கு இது எளிதில் நேரும். கலெக்டிவைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி, முன்னால் ஓடி வெளியே வா என்பதுதான் பல பத்தாண்டுகளாகச் சொல்லித்தரப்பட்ட வழி. அதற்கு நூற்றுக்கணக்கான அடி உயரம் செலவாகும்; தரைக்கு அருகில் அந்த உயரம் யாரிடம் இருக்கிறது?

சுவிட்சர்லாந்துக்காரரான கிளாட் வுய்ஷார் வேறு வழி சொன்னார். ஆல்ப்ஸில் சுமை தூக்கிப் பழகியவர், பிறகு அந்நாட்டு விமானப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்தவர். முன்னால் ஓடாதே, பக்கவாட்டில் போ என்றார். ஆர்-22 போன்ற வண்டியில் சக்தியைக் கூட்டி, இடது பெடலால் மூக்கு திரும்பாமல் பிடித்து, சைக்ளிக்கை வலப்பக்கம் சாய்க்க வேண்டும். வளையத்தின் விளிம்பில் காற்று மேல்நோக்கிப் போகிறது. அந்த விளிம்பு ஒரு சுழலியின் பாதி அகலத்தில்தான் இருக்கிறது. முன்னால் போய் வேகம் சேர்ப்பதைவிட அங்கே போவது வெகு சீக்கிரம். பழகிய கையில் 6 முதல் 15 மீட்டர் இறக்கத்துக்குள் வெளியே வந்துவிடலாம். இன்று அமெரிக்க அரசின் ஹெலிகாப்டர் கையேட்டிலேயே அவர் பெயரில் இந்த முறை இருக்கிறது. எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. இந்த முறையில் கலெக்டிவை மேலே இழுக்கத்தான் வேண்டும். மனிதக் கை இயல்பாகச் செய்யும் அசைவை அழிக்காமல், அதோடு இன்னொன்றைச் சேர்த்துச் சரியாக்கியிருக்கிறார் மனிதர்.

எல்லா ஆபத்தும் கையில் இல்லை. சில மறைந்து வரும். இலையுதிர்காலத்தில் சுவிஸ் சமவெளியின் ஈரக்காற்றில், பத்துப் பாகை வெப்பத்தில், கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி உறையும். பெட்ரோல் ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பத்தால் உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேல்கூட இறங்கிவிடும் என்பதால், வெளியே உறைநிலை வேண்டியதே இல்லை. காரில் என்றால் எஞ்சின் இழுக்கத் திணறுவது தெரிந்துவிடும். ஆர்-22இல் ‘கவர்னர்’ என்ற தானியங்கிக் கருவி சுழற்சி குறைய விடாமல் த்ராட்டிலைத் தானே திறந்துகொண்டே போகும். உள்ளே பனி அடைக்க அடைக்க அது திறக்கத் திறக்க, ஓட்டுநருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரியும். திறக்க இனி இடமில்லை என்ற நிலை வந்த பிறகுதான் எஞ்சின் தன் வலியைச் சொல்லும். மாணவரின் சுமையைக் குறைக்க வைத்த கருவியே அவரிடம் செய்தியை மறைக்கிறது.

மூடுபனி வேறு. கருவி பார்த்து ஓட்டப் பயிற்சியில்லாத 20 பேரை 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மேகத்துக்குள் போனது போன்ற நிலையில் விமானம் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடியில். அது நிலையான இறக்கை கொண்ட விமானம். கையை எடுத்தாலும் கொஞ்சம் நேராகப் போகும். ஹெலிகாப்டர் அதுகூடச் செய்யாது. தேர்ந்தவர்களையும் மேகம் விடுவதில்லை என்பதை நீலகிரியில் பார்த்திருக்கிறோம். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் போன எம்ஐ-17 ஹெலிகாப்டர், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்பட 14 பேரோடு குன்னூர் அருகே விழுந்தது. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் போனதில் ஓட்டுநர் திசையும் நிலையும் தடுமாறியதே காரணம் என்றது விசாரணைக் குழுவின் முதற்கட்ட முடிவு. ஆல்ப்ஸில் இதோடு கம்பிகளும் சேர்ந்துகொள்ளும். 2016 செப்டம்பரில் கோட்ஹார்டு கணவாயில் சுவிஸ் விமானப்படையின் சூப்பர் பூமா ஹெலிகாப்டர் எழும்பியதும் மின்கம்பியில் மோதி, ஓட்டுநர் இருவரும் இறந்தார்கள்.

விபத்து நடந்தபின் வருகிறவர்கள் சுஸ்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சுவிஸ் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணை வாரியத்தார். விமானப் பிரிவின் அலுவலகம் பயேர்ன் விமானத்தளத்தில் இருக்கிறது. அவர்களுடைய அறிக்கையில் இறந்தவரின் பெயர் இருக்காது. எந்த ஆண்டு பிறந்தார், எத்தனை மணி நேரம் பறந்தார், இந்த வகை வண்டியில் எத்தனை மணி நேரம் என்பது மட்டும் இருக்கும். விபத்தைத் தடுப்பதே நோக்கம், யார் குற்றவாளி என்று தீர்ப்பது தங்கள் வேலையில்லை என்பதை அறிக்கையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

சின்ன ஹெலிகாப்டர்களில் கறுப்புப் பெட்டி கட்டாயம் இல்லை. கேட்க ஆளில்லை, பார்க்கப் பதிவில்லை என்ற நிலையில் இவர்கள் உலோகத்தைப் பேச வைக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கின் குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை எரிந்துகொண்டிருந்தால் சூடாக, இளகி இருக்கும். மோதலின் அதிர்ச்சியில் அது நீண்டு, சுருள் பிரிந்து தொய்ந்துவிடும். விளக்கு அணைந்திருந்தால் குளிர்ந்த இழை சுருள் கலையாமல் பட்டென்று முறியும். நகக்கண் அளவு பல்பை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தே, தரையில் மோதிய கணத்தில் ‘சுழற்சி குறைவு’ விளக்கு எரிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். இறக்கைகளும் சாட்சி சொல்லும். முழு வேகத்தில் சுற்றிய இறக்கை மரக்கிளைகளை வெட்டிச் சிதறடித்து, தானும் துண்டுதுண்டாகும். சுழற்சி செத்த இறக்கை மேல்நோக்கி வளைந்து, பக்கத்துக் கிளையில் கீறல்கூடப் போடாமல் கிடக்கும். சுழலித் தண்டில் குமிழ் மோதிய தழும்பு இருக்கிறதா, வாலில் இறக்கை பட்ட பெயின்ட் ஒட்டியிருக்கிறதா, கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ பாதை பதிந்திருக்கிறதா என்று அடுத்தடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் பள்ளியின் காகிதங்கள். அன்று காலை வானிலை என்ன சொன்னது, மாணவரைத் தனியே அனுப்பக் கையெழுத்துப் போட்டவர் என்னென்ன சொல்லி அனுப்பினார், நிலைமை தவறினால் திரும்பிவா என்ற எல்லைக்கோடு எங்கே வரையப்பட்டிருந்தது. என் பார்வையில் ஒரு மாணவரின் மரணத்தில் அதிகம் சொல்லக்கூடிய பக்கங்கள் இவைதான். அந்த ஒரு நொடிக்கு முந்தைய ஒரு மணி நேரம் இவற்றில்தான் இருக்கிறது.

பயிற்சியின் சிக்கல் தீரவில்லை. எடையற்ற நிலையிலிருந்து மீள்வதை வானத்தில் செய்துகாட்ட முடியாது. ஆர்-22இன் கையேடே எடையற்ற நிலையைத் தரும் அசைவைத் தடைசெய்கிறது, காட்டப்போனவரே இறக்கக்கூடும். ஆகவே மாணவர் அதை வாய்வழிப் பாடமாகக் கேட்டுவிட்டுத் தனியே போகிறார். ஜூரிக் அருகே ட்யூபென்டார்ஃபில் ஒரு நிறுவனம் இதற்கு வழி தேடியது. தலையில் மாட்டும் மெய்நிகர்க் கண்ணாடியும், ஆறு திசையிலும் அசையும் மேடையும், உண்மையான கலெக்டிவும் சைக்ளிக்கும் வைத்து ஓர் ஆர்-22 பாவிப்புக் கருவியைச் செய்தது. 2021இல் ஐரோப்பிய முகமை அதற்குத் தகுதிச் சான்று தந்தது. மெய்நிகர்க் கண்ணாடிப் பயிற்சிக் கருவி ஒன்றுக்கு அப்படிச் சான்று கிடைத்தது அதுவே முதல்முறை. லாஃப்ட் டைனமிக்ஸ் என்பது அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர். அங்கே எஞ்சினை எத்தனை முறை வேண்டுமானாலும் அணைக்கலாம், வளையத்துக்குள் இறங்கலாம், தண்டு முறியும்வரை கையை இடப்பக்கம் தள்ளலாம். முறிந்தால் பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம்.

ஆனால் அந்த மேடையாலும் தர முடியாத ஒன்று இருக்கிறது. எடையற்ற உணர்வைத் தர வேண்டுமானால் மேடையே விழ வேண்டும். அரை மீட்டர் விழ இடமிருந்தாலும் அந்த உணர்வு மூன்றில் ஒரு நொடிக்கு மேல் நீடிக்காது, உடனே மேடை நின்று உடம்பை அழுத்தியாக வேண்டும். சைக்ளிக்கை மெல்லப் பின்னால் இழுக்கக் கை அங்கே கற்றுக்கொள்ளும். எதைக் கண்டதும் இழுக்க வேண்டுமோ, வயிறு எழும்பும் அந்த அறிகுறியை, மாணவர் முதன்முதலாகச் சந்திப்பது இன்னும் காற்றில்தான்.